ஐந்து மணி நேரம் எரியும் விளக்கு

எங்கள் பாறையேறும் சங்கத்துக்கு விளக்கு வாங்கும் பொறுப்பை எனக்குத் தேடித் தந்தது என் வாய்தான். மே மாதக் கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து நின்று, வெளிச்சத்தை அளக்கும் லூமன் என்றால் என்ன, பேட்டரி என்றால் என்ன என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். ஸ்லாவ்கா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "சரி யெர்னேய், இவ்வளவு தெரிஞ்சவன் நீயே வாங்கிட்டு வந்துடு" என்று பேச்சை முடித்துவிட்டார். அவர்தான் சங்கத் தலைவி. அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் மலை ஏறுகிறவர்களுக்குள் 'நீங்க' கிடையாது. எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான்.

ஜூலையில் எங்கள் சுண்ணாம்புப் பாறையைப் பகலில் தொட முடியாது. பொழுது சாயும் வரை வெயில் நேராக அடிக்கும், பிடியில் விரல் வைத்தால் வியர்வையில் வழுக்கும். அதனால் கோடையில் வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் ஏற ஆரம்பிப்போம். முன்பு ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அது போட்ட சத்தத்தில் கீழே கிராமத்தில் ஒருவரும் தூங்க முடியாமல் நகராட்சி வரை புகார் போய்விட்டது. இனி சத்தம் போடாத விளக்கு, சார்ஜ் போட்டுத் தூக்கிப் போகிற விளக்கு வேண்டும்.

கடையிலிருந்து இரண்டு வகை கொண்டுவந்தேன். ஒன்று, வீட்டுக்கு வண்ணம் அடிப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கனமான விளக்கு, கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். இன்னொன்று தட்டையானது, பாதி எடை, இரண்டு மடங்கு வெளிச்சம், பால் போல வெள்ளை. ஒரு மாலை இரண்டையும் பாறைக்கு எதிரே வைத்துப் போட்டுக் காட்டினேன்.

திங்கா மஞ்சள் விளக்கின் பக்கம் போய் நின்றாள். எங்களில் நன்றாக ஏறுகிறவள் அவள்தான்.

"இதை எடுடா. அந்த வெள்ளையில பாறை சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. கால் வைக்கிற இடமே தெரியல."

"அது நேரா வச்சதால. ரெண்டு பக்கமும் சாய்ச்சு வச்சா நிழல் விழும், மேடு பள்ளம் எல்லாம் தெரியும்" என்றேன். "வெளிச்சத்தைப் பாரு! ஆந்தைக்கே கண்ணு கூசும்."

"ஆந்தை பக்கம் திருப்பினே, ஸ்லாவ்கா உன்னைக் கொன்னுடுவா" என்றாள். பாறையின் இடது ஓரத்தில் ஆந்தைக் கூடு ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கம் வெளிச்சம் காட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

எங்களிடம் இன்னொரு சட்டமும் உண்டு. சங்கத்துக்கு எது வாங்கினாலும், ஒருவர் அதைத் தன் கையால் சோதித்து, முடிவை டேப்பில் எழுதி, பெயரோடு பொருளின் மேல் ஒட்ட வேண்டும். விளக்கு என்றால் முழு சார்ஜ் போட்டு, முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, அணையும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். "பெட்டியில போட்டிருக்கிறது விக்கிறவனோட பேச்சு. டேப்புல இருக்கிறதுதான் நம்ம பேச்சு" என்பார் ஸ்லாவ்கா. டேப்பில் எழுதியதை யாரும் மறுபடி கேட்பதில்லை.

மஞ்சள் விளக்கை ஒழுங்காகச் சோதித்தேன். நான்கு மணி நேரம் எரிந்தது. கடைசி அரைமணி நேரம், தூக்கம் வந்தவன் கண் போல மெல்ல மெல்ல மங்கி அணைந்தது. மறுநாள் வெள்ளை விளக்கை ஏற்றிவைத்தேன். அன்றைக்குத் தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டம். இரண்டு கோப்பை சிவப்பு ஒயினும் உள்ளே போயிருந்தது. சோபாவில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது விடிந்திருந்தது, விளக்கு அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. பெட்டியில் ஐந்து மணி நேரம் என்று போட்டிருந்தது.

இன்னொரு நாள் உட்கார்ந்திருக்கலாம். ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான் செலவு. ஆனால் அந்த விளக்குதான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. டேப்பைக் கிழித்து, '5 மணி நேரம் – யெர்னேய்' என்று எழுதி ஒட்டினேன். சங்கம் அதில் மூன்று வாங்கியது.

இனி விலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

இரண்டு வருடம் முன்பு திங்காவுக்குக் கீழே நின்று கயிறு பிடித்தவன் விலி. கயிற்றின் வால் முனையில் முடிச்சுப் போட மறந்துவிட்டான். அவளை இறக்கும்போது கயிறு தீர்ந்து, முனை அவன் கையை விட்டு ஓடியது. கடைசி மூன்று மீட்டர் அவள் விழுந்தாள். குதிகால் எலும்பு முறிந்து நான்கு மாதம் ஊன்றுகோலில் நடந்தாள். "முடிச்சு போட்டேன்னுதான் நெனச்சேன்" என்று அன்றைக்கு விலி திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதன் பிறகு யாரும் அவனிடம் கயிறு கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் ஒரு வியாழக்கிழமைகூடத் தவறாமல் வருவான். மூட்டை தூக்குவான். காப்பி போடுவான். விளக்குகளுக்குச் சார்ஜ் போடும் வேலையை அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஜூலை முதல் வாரம் திங்கா அவனிடம் போய், "அடுத்த வாரம் என் கயிறை நீ பிடி" என்றாள். விலி குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாதான்.

ஸ்லாவ்காவுக்கு முழு மனதில்லை. "அவளே கேட்டதால சரிங்கிறேன். ஆனா விலி, இன்னொரு தடவை எதையாவது கோட்டை விட்டே, அப்புறம் இந்தச் சங்கத்துல நீ கயிறு தொடவே முடியாது" என்றார். விலி தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த வியாழக்கிழமைதான் புது விளக்குகளுக்கு முதல் இரவு. ஒன்பது மணிக்கு இரண்டு விளக்குகளை இரண்டு பக்கமும் சாய்த்து வைத்தேன். மூன்றாவது தேவைப்படாது என்று என் காரிலேயே விட்டுவிட்டேன். பாறை பகல் போல ஆனது. ஆளுக்கு ஒரு பாராட்டு. நான் மிதந்துகொண்டிருந்தேன். பத்தரைக்குத் திங்கா கயிறு கட்டிக்கொண்டு, நெற்றிவிளக்கைத் தேடினாள்.

"அது எதுக்கு? கீழ ரெண்டு சூரியன் வச்சிருக்கேன்" என்றேன். "வீண் சுமை."

சிரித்துக்கொண்டே அதைப் பையில் போட்டுவிட்டாள்.

விலி முனை முடிச்சைப் போட்டு, அவளிடம் காட்டி, பிறகு தானும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான். அவள் ஏற ஏற அவன் கழுத்து மேலே நிமிர்ந்தபடியே இருந்தது. இருபத்தெட்டு மீட்டர். மூன்று கோடையாக அவளுக்குப் பிடிகொடுக்காத தடம் அது. அன்றைக்கு ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். மேலிருந்து ஒரு கூச்சல், கீழே எங்கள் கைதட்டல்.

உச்சியில் மூடிய இரும்பு வளையம் இருக்கிறது. அங்கே போனதும் ஒரு பட்டையால் தன்னை மாட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்து, வளையத்துக்குள் கோத்து, மறுபடியும் கட்டிக்கொண்டால்தான் கீழே இறங்க முடியும். அவள் அவிழ்த்த நேரத்தில் இடது விளக்கு அணைந்தது. மங்கவில்லை, எச்சரிக்கவில்லை, பட்டென்று போனது. "சுவிட்சைப் பாருங்க" என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் வலது விளக்கும் போனது. மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

எதுவும் தெரியவில்லை. ஆட்கள் பைகளைக் கிளறி நெற்றிவிளக்குகளைத் தேடினார்கள். அவற்றின் வெளிச்சம் அவ்வளவு உயரம் போவதற்குள் நீர்த்துப்போய்விட்டது. மேலே திங்கா கத்தினாள்: "கயிறு அவுந்திருக்கு! ஒண்ணும் தெரியல!"

எல்லாரும் ஒரே நேரத்தில் ஏதேதோ கத்தினோம். விலியின் குரல் மட்டும் சாதாரணமாக வந்தது.

"திங்கா, நான் பேசறேன். பட்டை மாட்டியிருக்கா? தொட்டுப் பார்த்துச் சொல்லு."

"மாட்டியிருக்கு."

"அப்ப நீ விழ மாட்டே. கயிறு முனை கையில இருக்கா?"

"இருக்கு."

"அவசரமே இல்ல. வளையத்துக்குள்ள விடு. முடிச்சைப் போட்டுட்டு ஒவ்வொரு வளைவா விரலால எண்ணு. எனக்குக் கேக்கற மாதிரி எண்ணு."

அவள் எண்ணினாள். இரண்டு தடவை எண்ணச் சொன்னான். பிறகு பட்டையைக் கழற்றாமலே கயிற்றில் எடையைப் போட்டுப் பார்க்கச் சொன்னான். அதன் பிறகுதான் கழற்றச் சொல்லி, கயிற்றைப் பிடி பிடியாக விட்டு அவளை இறக்கினான். அவள் கால் தரையில் பட்டபோது அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு பிழைகூட அவன் செய்யவில்லை.

ஸ்லாவ்கா விளக்கைத் தூக்கி, நெற்றிவிளக்கைத் திருப்பி டேப்பைப் படித்தார். "அஞ்சு மணி நேரம்னு யெர்னேய் சோதிச்சிருக்கான். ரெண்டு மணி நேரம்கூட எரியல. விலி, சார்ஜ் போட்டியா?"

"போட்டேன். சார்ஜர்ல பச்சை விளக்கு எரிஞ்சப்புறம்தான் எடுத்தேன்னு... நெனக்கிறேன்."

"நெனக்கிறியா?"

விலி தரையைப் பார்த்தான். "மத்தியானம் டயர் கடையில வேலை அதிகம். ஒருவேளை சரியாப் பார்க்கலையோ என்னவோ. என் தப்பாத்தான் இருக்கும்."

திங்கா அவன் கையிலிருந்த கயிற்றை மெதுவாக வாங்கி, தானே சுருட்ட ஆரம்பித்தாள். "இனிமே கயிறு வேணாம், விலி" என்றார் ஸ்லாவ்கா. கோபத்தில் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை; வருத்தத்தோடு சொன்னார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மே மாதம் அரைமணி நேரம் ஓயாமல் பேசிய வாய். விளக்கு அணைந்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.

விலியும் நானும் ஒரே ஊர்க்காரர்கள், என் காரில்தான் வருவான். பாதி வழியில் சொன்னான்: "மன்னிச்சிருடா. பாத்துப் பாத்து நல்ல லைட்டா வாங்கினே. உன் பேரையும் கெடுத்துட்டேன்."

"பரவாயில்ல, விடு" என்றேன். "யாருக்கும் நடக்கிறதுதான்."

வீட்டுக்கு வந்து, காரில் கிடந்த மூன்றாவது விளக்கைச் சமையலறை மேசையில் வைத்து முழு வெளிச்சத்தில் போட்டேன். அதுவும் அதே மத்தியானம் விலி சார்ஜ் போட்டதுதான். இந்தத் தடவை தூங்கவில்லை. ஒரு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் பட்டென்று அணைந்தது. எழுந்து மின்விளக்கைப் போட எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாகத்தான் இருந்தேன், ஆனாலும் வெட்கமாக இருந்தது. விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

காலை எட்டு மணிக்கு அவன் டயர் கடைக்குப் போனேன். ஒரு லாரிச் சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கூடைப்பந்து, சோபா, டேப்பு, நேற்று இரவு எரித்துப் பார்த்தது.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"லைட் அணைஞ்ச உடனே."

"ஸ்லாவ்கா என்னைக் கேட்டப்போவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

துணியில் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "அவளுக்குப் போன் போடு. நான் கேக்கற மாதிரி போடு."

போட்டேன். ஸ்லாவ்கா எடுத்ததும் அவரே ஆரம்பித்தார்: "நல்லவேளை, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இனிமே சார்ஜ் போடறதையும் நீயே பார்த்துக்கோ, யெர்னேய். உன் கையில குடுத்தா எனக்கு நிம்மதி."

விலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்லாவ்கா, அந்த அஞ்சு மணி நேரத்தை நான் சோதிக்கவே இல்ல. பெட்டியைப் பார்த்து எழுதினேன்" என்றேன். "விலி சார்ஜ் சரியாத்தான் போட்டிருக்கான்."

"விலிகிட்ட எப்படிச் சொல்லப்போறே?" என்றார்.

"பக்கத்துலதான் இருக்கான்."

"அவன்கிட்ட குடு."

விலி போனைக் காதில் வைத்துக் கேட்டான். "ம்" என்றான். "தெரியல, ஸ்லாவ்கா. மறுபடி கயிறு பிடிக்கிறதைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்" என்றான். போனை என்னிடம் நீட்டினான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"ராத்திரி பூரா அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தேனா இல்லையான்னு படுத்துக் கெடந்து யோசிச்சேன். என் கண்ணையே என்னால நம்ப முடியல" என்றான். "நீ பரவாயில்ல, விடுன்னு சொன்னியா... கார்லேர்ந்து எறங்கிப் படியேறும்போது, இவனாவது நமக்கு இருக்கானேன்னு நெனச்சேன்டா."

சொல்லிவிட்டுச் சக்கரத்தின் பக்கம் திரும்பிக் குந்தினான். கடைக்கு வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.