ஏழு இடத்தில் நின்ற சக்கரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, ஆனி மாதத்துச் சாரலில், சுருளிப்பட்டி வாழைத்தோப்புக் கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். தோப்புக்காரர் வேலுச்சாமி, மதுரையிலிருந்து அவர் அழைத்து வந்திருந்த, கோட்டுப் போட்ட மிஷின்காரர், பதினாறு வருஷமாக அந்தக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த ஒச்சாண்டி, சக்கரம் செய்த கர்ணன் ஆசாரி, அவருக்குக் கஞ்சி கொண்டுவந்த மனைவி மாயக்காள். ஆறாவதாக ஒருவர் இருந்ததாக யாராவது சொன்னால் அது பொய்.

கர்ணன் ஆசாரி அச்சில் கடைசி ஆப்பை வைத்து, மரக் கொட்டாப்புளியால் மூன்று தட்டுத் தட்டினார். நாற்பது நாள் வேலை. சுருளிப்பட்டியில் ஓடிய வண்டிகளில் பாதி அவர் கோத்த சக்கரத்தில் ஓடின. மீதிப் பாதி அவருடைய அப்பா கோத்தவை. அந்தப் பெயரை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் சுற்றினால், சங்கிலியில் கோத்த தகர வாளிகள் விழுந்த தண்ணீரையே அள்ளி மறுபடி மேல்தொட்டியில் ஊற்றும். வழிவது வாழைக்குப் பாயும். மாடு வேண்டாம், ஆள் வேண்டாம், என்றைக்கும் நிற்காது என்று மிஷின்காரர் சொல்லியிருந்தார். வேலுச்சாமி அதைக் கம்பம் சந்தைவரை சொல்லிவிட்டு, கவலை மாடுகளையும் விற்றிருந்தார்.

"அந்த மாடு ரெண்டும் பருத்திக்கொட்டை தின்னுச்சுக, இழுத்துச்சுக," என்றார் ஒச்சாண்டி. "இது எதைத் தின்னுட்டு இழுக்கும், ஆசாரியாரே?"

"அதத்தான் நானும் நாப்பது நாளாக் கேக்குறேன். விழுகிற தண்ணியில ஒரு பங்கு சக்கரத்தச் சுத்தவே போயிரும். மிச்சந்தான மேல ஏறும்?"

"ஆசாரி மரத்தப் பாத்தாப் போதும்," என்றார் வேலுச்சாமி. "மத்ததெல்லாம் அவுக பாத்துக்கிருவாக."

மேல்தொட்டியை நிரப்பி, மடையைத் திறந்தார்கள். சக்கரம் ஒருமுறை தயங்கி, அசைந்து, சுற்றத் தொடங்கியது. அச்சில் ஒரு முனகல் இல்லை. சாரலில் மலை மறைந்துபோயிருந்தது. தோப்பும் கிணறும் ஆட்களும் வெள்ளைப் புகைக்குள் மிதப்பதுபோல் இருந்தது. வாளிகள் ஒவ்வொன்றாக ஏறி, கவிழ்ந்து, இறங்கின. தூளி ஆடுவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கர்ணன் ஆசாரிக்குத் தன் கையில் கொட்டாப்புளி இருப்பதே மறந்துபோனது. நான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், இது இப்படியே சுற்றட்டும் என்று நினைத்தார். மனசாரவே நினைத்தார்.

பிறகு வாளிகள் அரை வாளியாக வந்தன. மேல்தொட்டியின் அடி தெரிந்தது. ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம் அசைந்துகொண்டிருந்துவிட்டுச் சக்கரம் நின்றது.

"அச்சு கோணல்," என்றார் மிஷின்காரர், கோட்டில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "சக்கரமும் ஒருபக்கம் கனம். என் படம் சரி. ஆசாரி வேலைதான் சரியில்லை."

மாயக்காள் தூக்குச்சட்டியை ணங்கென்று கீழே வைத்தாள். "இங்கேருங்க, என்ன சொல்லுறாக அவுக? நம்ம வீட்டுச் சக்கரமா கோணல்?"

கர்ணன் ஆசாரி சக்கரத்தருகே போனார். சங்கிலியைக் கழற்றினார். ஒரு ஆரக்காலில் உளியால் சின்னதாகக் கீறி, மாயக்காள் முந்தியில் முடிந்திருந்த மஞ்சளை உரசி, தன் வெற்றிலைச் சுண்ணாம்பில் குழைத்து அதில் அப்பினார். கீறல் ரத்தமாய்ச் சிவந்தது.

"பாருங்கய்யா. ஒருபக்கம் கனமா இருந்தா அந்தப் பக்கந்தான் எப்பவும் கீழ வந்து நிக்கும்."

சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். சிவப்பு உச்சியில் வந்து நின்றது. மறுபடி சுற்றினார், இடப்பக்கம் நின்றது. ஏழு தடவை சுற்றினார். ஏழு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றது.

"நாந்தான் பாத்தேனே," என்றார் ஒச்சாண்டி. "இதுக்கு மேல என்ன வேணும்?"

வேலுச்சாமி மிஷின்காரர் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஏழு தடவையும் நின்னுதான போச்சு, ஆசாரி?" என்றார்.

இரும்பு அச்சு வாங்கிவருவதாகத் தேனி பஸ்ஸில் ஏறிய மிஷின்காரர் திரும்பவில்லை. ஆசாரி கோத்த சக்கரம் கோணல் என்ற பேச்சு ஊரில் பரவ, ஆவணியில் கர்ணன் ஆசாரியிடம் வண்டிச் சக்கரம் கோக்க யாரும் வரவில்லை. புரட்டாசியிலும் வரவில்லை. வேலுச்சாமி அந்தச் சக்கரத்தைத் தூக்கிப்போய் ஆற்று வாய்க்காலில் இறக்கினார். ஓடுகிற தண்ணீர் தள்ளத் தள்ள அது இரவும் பகலும் சுற்றி, வாழைக்கு இறைத்தது. 'மதுரை மிஷின்' என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒச்சாண்டியை யாரும் இறைக்கக் கூப்பிடவில்லை.

தை மாதம், தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலைக்கு மலை ஏறப் புறப்பட்ட கர்ணன் ஆசாரி, உளிப்பையோடு வாய்க்கால் கரையில் நின்றார். பனிக்குள் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு கரைந்துபோய், கீறல் மட்டும் தண்ணீருக்குள் முங்கியது, எழுந்தது, முங்கியது. மாயக்காள், "போவமா?" என்றாள். போனார்கள்.

கிணற்றடியில் கர்ணன் ஆசாரி ரத்தம் தடவிச் செய்வினை வைத்ததால் சக்கரம் நின்றது, வாய்க்கால் தண்ணீரில் அது கரைந்ததும் ஓடியது என்று சுருளிப்பட்டியில் சொல்கிறார்கள். அது ரத்தம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும். செய்வினை யாரும் வைக்கவில்லை. சக்கரத்தில் கோணல் இல்லை.