இணைச்சீருக்கு யார் நிற்பது?

குழந்தையம்மாள் தண்ணித்தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மகள் கீதா கை கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த காப்பி கொதித்து, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, அது ஆறியும் போய்விட்டது. கீதாவின் கை மட்டும் இன்னும் சுத்தமாகவில்லை.

"போதுங் கண்ணு. மோட்டாருக்குக் கரண்ட்டு பொழுதெறங்கித்தான் வரும். மாட்டுக்குத் தண்ணி வேண்டாமா?"

"ஆச்சுங்கம்மா. இன்னொருக்காத்தானுங்க."

இந்த 'இன்னொருக்கா'வைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையம்மாளுக்குக் காது புளித்துவிட்டது. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. மகன் கிருபாசங்கருக்கு வைகாசியில் முகூர்த்தம். ஒத்தாசைக்கென்று போத்தனூரிலிருந்து வரவழைத்த, ஒரு பிள்ளைக்குத் தாயான மகளோ வந்ததிலிருந்து தொட்டியே கதி என்று நிற்கிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புறங்கையில் தோல் உரிந்து கிடந்தது. அதைப் பார்த்தால் பெற்ற வயிறு எரியாமல் இருக்குமா? எரிந்தது. ஆனால் எரிகிற வயிற்றை வைத்துக்கொண்டு திட்டத்தான் தெரியும் அவளுக்கு.

செய்யாத வைத்தியம் இல்லை. மந்திரித்துக் கயிறு கட்டினாள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். ஒரு நாள் சோப்பை எடுத்து ஒளித்து வைத்தாள். மகள் அடுப்புச் சாம்பலை அள்ளித் தேய்த்துக்கொண்டாள். புண்ணில் சாம்பல் பட்டு அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்த பிறகு சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஓரகத்தி கருப்பாத்தாள் வரவேண்டும்? பக்கத்துத் தோட்டம். கணவரின் அண்ணன் மனைவி என்கிற அதிகாரம். வாய் கொஞ்சம் நீளம். பின்னாலேயே அவள் மகள் பிரவீனா, காலேஜ் முடித்த பெண்.

"ஏனம்மிணி கீதா, தொட்டியில மீனு புடிக்கிறியா?" என்று சிரித்தாள் கருப்பாத்தாள். கீதா தலையைத் தூக்கவில்லை.

"அவளுக்கு வேற வேலை இல்லீங்கக்கா," என்று குழந்தையம்மாள் மழுப்பிக்கொண்டே ஓரகத்தியை உள்ளே அழைத்துப்போனாள். பிரவீனா வாசலிலேயே நின்றாள்.

"அம்மா, நம்மூட்டுக் கதவைப் பூட்டுனனான்னு பாத்துட்டு வாரனுங்க."

"இப்பத்தானே பாத்துட்டு வந்தே? செரி, போ. பாத்தியா கொழந்தை, என்ற புள்ளைக்கு எத்தனை பொறுப்பு!" என்று கருப்பாத்தாள் பெருமைப்பட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நானொண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இணைச்சீருக்கு இவளையா நிறுத்தப் போறே?"

குழந்தையம்மாளுக்குச் சுருக்கென்றது. பல நாளாகத் தூக்கம் கெடுத்துக்கொண்டிருந்த கேள்வியே அதுதான். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவளை உட்காரவைத்துச் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில் இருக்கும், மறு தலைப்பு அவள் கையில். 'உனக்குக் கல்யாணம் ஆனாலும் உன் அக்கா தங்கச்சி விட்டுப்போவதில்லை' என்று ஊரறியச் சொல்கிற நேரம். அந்த நேரத்தில் ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் அந்தப் பெண்ணைத்தான் பார்க்கும். பாதிச் சீரில் எழுந்து குழாயைத் தேடி ஓடினால்?

"பொண்ணு வீட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? மசை புடிச்ச கிறுக்குக் குடும்பம்னு பேரு வாங்கோணுமா? என்ற பிரவீனாவும் கிருபாவுக்குத் தங்கச்சி மொறதானே, அவ நிக்கட்டும். கீதா ஊட்டுக்குத் தூரம்னு சொல்லிப்போடு. எவ வந்து சோதிக்கப் போறா?"

குழந்தையம்மாள் முந்தானை நுனியைத் திருகினாள். அவமானத்துக்குப் பயந்தவளுக்கு ஒரு பொய் கையில் கிடைத்தால் விடுவாளா? "செரிங்கக்கா" என்றுவிட்டாள்.

நிலைப்படியில் கீதா நின்றிருந்தாள். ஈரக் கை இரண்டையும் எதன்மேலும் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். அத்தனையும் கேட்டுவிட்டாள்.

"அதுஞ் செரிதானுங்கம்மா. பிரவீனாவே நிக்கட்டுமுங்க," என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. ஓங்கி ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூடப் பெற்றவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூறைச்சேலை எடுக்கத் தாயும் மகளும் கோயமுத்தூர் புறப்பட்டார்கள். கூட வந்தவன் மருமகன் தனபால். போத்தனூரில் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். கடைவீதிக்குப் போகாமல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னான்.

"ஏனுங் மாப்ளே, சேலைக்கடை இங்கயா இருக்குது?"

"ஒரு மீட்டிங்குங் அத்தை. முடிச்சுப்போட்டுப் போலாமுங்க."

ஏதோ ஏலச்சீட்டுக் கூட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள் குழந்தையம்மாள். வட்டமாக நாற்காலி போட்டு இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காப்பி கொடுத்தார்கள். ஒரு டாக்டரம்மா எழுந்து, "புதுசா வந்தவங்க யாரும் பேசணும்னு கட்டாயம் இல்லை. கேட்டாலே போதும்," என்றார்.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முதலில் எழுந்தார்.

"என்ற பேரு காளிச்சாமிங்க. வால்பாறை ரூட்டுல பஸ் ஓட்டறனுங்க. கொண்டையூசி வளைவுல வண்டி ஒரு குலுக்கு குலுக்குனாப் போதுமுங்க, 'எவனையோ ஏத்திப்போட்டே காளிச்சாமி'ன்னு மனசு சொல்லும். கண்ணாடியில பாத்தா ரோடு சும்மாக் கெடக்குது. ஆனா மனசு உடாதுங்க. வண்டிய நிறுத்திப்போட்டு எறங்கி ஓடிப் பாப்பேன். பஸ்ஸுல இருக்கறவங்க, டிரைவருக்கு வயித்தால போகுதாட்ட இருக்குதுன்னு இஞ்சி மரப்பா குடுத்தாங்க!"

குழந்தையம்மாள் தன்னை மறந்து களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். காளிச்சாமியும் சிரித்தார்.

"சிரிங்கம்மா, பரவால்ல. நானே இப்பத்தான் சிரிக்கறேன். அப்ப, செத்துப்போலாம்னு மலையில எடம் பாத்து வெச்சிருந்தனுங்க," என்றார்.

குழந்தையம்மாள் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அடுத்து சாஜிதா பேகம். கோவை கரும்புக்கடைப் பகுதியில் டீச்சராக இருப்பவர். தொழுகைக்கு முன்னால் கைகால் சுத்தம் செய்கையில் 'சரியாச் செஞ்சோமா' என்று சந்தேகம் வருமாம். திரும்ப முதலிலிருந்து. திரும்பச் சந்தேகம். "தொழுகை நேரமே போயிரும். எங்க வீட்டுல எல்லாரும் எனக்கு ரொம்ப பக்தின்னு நினைச்சாங்க. உள்ளுக்குள்ள நான் வெந்துக்கிட்டிருந்தது யாருக்கும் தெரியல. இதுக்கு ஒரு பேரு இருக்கு, மருந்து இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு ஓன்னு அழுதுட்டேன்," என்றார்.

பேர் ஓ.சி.டி. என்று டாக்டரம்மா சொன்னார். வேண்டாத எண்ணம் ஒன்று மனத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். அந்தப் பயத்தைத் தணிக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும். செய்யச் செய்யப் பயம் இன்னும் வேர் பிடிக்கும். திமிரோ பேயோ இல்லை, நோய் என்றார். குழந்தையம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. கீதா எழுந்து நின்றிருந்தாள்.

"ரண்டு வருசத்துக்கு முன்னால அம்மா ஊட்டுக்குப் போயிருந்தனுங்க. பருத்திக்கு அடிக்கற பூச்சிமருந்து டப்பா வழியில கெடந்துச்சு. எடுத்து ஓரமா வெச்சேன். பொறவு கையக் கழுவிட்டுத்தான் புள்ளைக்குச் சோறு ஊட்டுனேன். ஊட்டி முடிச்சதும், 'நல்லாக் கழுவுனயா?'ன்னு ஒரு நெனப்பு வந்துச்சுங்க. அன்னைக்கு வந்தது, இன்னும் போகலீங்க."

தனபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் நான் சுத்தக்காரின்னு நெனைக்கறாங்க. சுத்தமாவது ஒண்ணாவது! பயமுங்க. என்ற கையில வெசம் இருக்குதுன்னு பயம். இல்லைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் பயமா இருக்குது. என்ற புள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டி ரண்டு வருசமாச்சுங்க. எங்க ஊட்டுக்காரர்தான் ஊட்டறாரு. தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கும் நான் நிக்கலீங்க. நல்லதுதான். என்ற கைபட்டு அவனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா..."

சாஜிதா பேகம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

குழந்தையம்மாள் மகளின் வெடித்த கையையே பார்த்தாள். பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டாத மகராசி என்று எத்தனை நாள் இந்த வாயால் ஏசியிருக்கிறாள்! பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்ததால்தான் தொடாமல் இருந்திருக்கிறாள். அந்த மருந்து டப்பாவை வழியில் போட்டு வைத்ததுகூட நாம்தானே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்தி, அத்தனை பேருக்கு நடுவில் அழுதாள்.

அழுது முடித்து டாக்டரம்மாவிடம் கேட்டாள்: "நான் என்னங்க பண்ணோணும்? கழுவாதேன்னு கையப் புடிச்சு இழுக்கட்டுமா? இல்லைன்னா நானே தண்ணி மோந்து ஊத்தட்டுமா?"

"ரெண்டும் வேண்டாம்மா. உங்க மாப்பிள்ளை போன மாசமே இவங்களைக் கூட்டிட்டு வந்துட்டார். மாத்திரை சாப்பிடறாங்க, பயிற்சியும் ஆரம்பிச்சிருக்கோம். பயம் வரும்போது திட்டாம, அவசரப்படுத்தாம பக்கத்துல இருங்க. பயம் ஏறும். ஏறினது தானா இறங்கும். அதை அவங்க ஒவ்வொரு தடவையா பார்த்துப் பழகணும். நாளாகும்," என்றார் அவர்.

அன்றைக்குக் கூறைச்சேலையைக் கீதாதான் தேர்ந்தெடுத்தாள். கண்ணாலேயே பார்த்து, தொடாமலே.

அந்தியூரில் பெண் வீட்டு மண்டபம். இணைச்சீர் நேரம் வந்தது. கிருபாசங்கர் பட்டுவேட்டியில் உட்கார்ந்திருந்தான். "இணைச்சீர்காரி எங்கே?" என்று சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் கூப்பிட்டார். கருப்பாத்தாள் பிரவீனாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அலங்காரமெல்லாம் பலமாகத்தான் இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. என்ற மகதான் நிக்கறா," என்று சொல்லிவிட்டுக் குழந்தையம்மாள் கீதாவை அழைத்து வந்து தம்பிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பிரவீனா மறுபேச்சில்லாமல் ஒதுங்கிக்கொண்டாள்.

கூறைச்சேலையின் ஒரு தலைப்பைக் கிருபாசங்கர் பிடித்துக்கொண்டான். மறு தலைப்பு கீதாவின் முன்னால் வந்தது. அவள் கை பாதியில் நின்றுவிட்டது. கண் குழாய் இருக்கிற பக்கம் போயிற்று.

"புடி அம்மிணி, நேரமாகுது," என்றார் அருமைக்காரர். கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது. "ஏன், என்னாச்சு அந்தப் புள்ளைக்கு?" என்று பெண் வீட்டுப் பக்கம் யாரோ கேட்டார்கள்.

குழந்தையம்மாள் எத்தனை நாளாகப் பயந்த நேரம் இதுதான். வந்தேவிட்டது. அவள் மகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சித்த இருங்க. என்ற மகளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லீங்க. மனசுல வார நோவு. தொட்டா ஆருக்காச்சும் கெடுதலாயிருமோன்னு பயம் வரும். டாக்டருகிட்டக் காட்டிட்டு இருக்கறோம். இப்ப பயம் வந்திருக்குது, சித்த நேரத்துல எறங்கிரும். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருக்குது. ஆரும் வெரசல் பண்ணாதீங்க!"

கிருபாசங்கர் அக்கா பக்கம் குனிந்தான்.

"நீங்க மெதுவாப் புடிங்கக்கா. எத்தனை நேரமானாலும் நான் இந்தத் தலைப்ப உட மாட்டேன்," என்றான்.

கீதா கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் நீர் வழிந்தது. நாதஸ்வரக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றை ஆரம்பித்தார். குழந்தையம்மாள் பேசவில்லை, அவசரப்படுத்தவில்லை, பக்கத்தில் இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வெடித்த விரல்கள் முன்னால் நகர்ந்தன. சேலைத் தலைப்பைத் தொட்டன. பிடித்தன. பிடித்த கை விடவில்லை.

அருமைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மகராசியா இரு சாமி," என்று அவள்மேல் அட்சதை போட்டார்.

கீதாவுக்கு அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சீர் முடிந்ததும் போய்க் கழுவத்தான் செய்தாள். ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தாள். தனபால் அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது யாரோ குழந்தையம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். பிரவீனா. மூக்கும் முகமும் சிவந்திருந்தது.

"சின்னம்மா, அந்த டாக்டரம்மா... பூட்டுன கதவ மறுக்கா மறுக்காப் பாக்கறதுக்கும் மருந்து குடுப்பாங்களா? பாக்காட்டி ஊடே எரிஞ்சு, எல்லாரும் செத்துப்போயிருவாங்கன்னு தோணுதுங்க. அம்மாகிட்டச் சொன்னா, பொறுப்பான புள்ளைன்னு சிரிக்கறாங்க. வெளிய தெரிஞ்சா என்னை ஆரு கட்டுவாங்கன்னு நானும் ஆருகிட்டயும் சொல்லலீங்க."

பின்னால் பாயச வாளியோடு வந்த கருப்பாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்தாள்.

குழந்தையம்மாள் பிரவீனாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, ஓரகத்திக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஒளிச்சு வெக்கறதுக்கு இதென்ன திருட்டா கண்ணு? காச்சல் வந்தா ஊரெல்லாம் சொல்றோம், மனசுக்கு வந்தா மட்டும் கதவச் சாத்திக்கறோம். நான் வெக்கப்பட்டு மறைச்சேன், ரண்டு வருசம் என்ற புள்ள ஒத்தையில கெடந்து வெந்தா. மனசு நோவையும் வெளிய சொல்லோணும், டாக்டருகிட்டக் காட்டோணும். கேக்கறவங்க சிரிக்காமப் பக்கத்துல உக்காரோணும். அடுத்த கூட்டத்துக்கு நீ போத்தனூரு வந்துரு. கீதா உன்னையக் கூட்டிட்டுப் போவா."

கருப்பாத்தாள் மெதுவாக முன்னால் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் வாரேன்," என்றாள்.