வேலைக்குப் போன குரல்

ஆட்குறைப்பில் வேலை போன மறுநாள் காலை எட்டரை மணிக்கு, அவருடைய குரல் மட்டும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டது. டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று மனைவியிடம் சொல்ல வாயைத் திறந்தவருக்கு வெறும் காற்றுதான் வந்தது. அதே நேரத்தில் படிக்கட்டில் யாரோ "வணக்கம், சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனதைக் கீழ்வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குரல் வீடு திரும்பியது, லேசாகக் கட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. கட்டடத்தில் நாங்கள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாதம் தண்ணீர் மோட்டார் வேறு எரிந்துபோயிருந்தது, அவரவர் பாடு அவரவருக்கு.

கட்டடத்தில் அவருக்கு 'ஹலோ சார்' என்று பெயர். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில், ஏழாம் நம்பர் இணைப்பில், பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து ஊரார் கஷ்டத்தைக் கேட்ட மனுஷர். மெஷின் பக்கத்தில் போனைப் பிடிக்கச் சொல்லி, சத்தத்தை வைத்தே பெல்ட்டா மோட்டாரா என்று சொல்லிவிடுவார். அந்தப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. கூப்பிட்டவர்தான் முதலில் போனை வைக்க வேண்டும், நாம் வைக்கக் கூடாது. வேலை போன அன்று நாலு மணிக்கு, மெஷின் கதவைத் திறக்க முடியாமல் தவித்த ஒரு அம்மாவிடம் "லைன்லயே இருங்கம்மா, ஒரே நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மேனேஜர் கூப்பிடுகிறார் என்று எழுந்து போனார். போன இடத்தில் பதினான்கு மாதச் சம்பளம் செட்டில்மெண்ட் என்றார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அங்கிருந்து அப்படியே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதிர்ச்சியில் அவர் அந்த அம்மாவை மறந்துபோனார். குரலுக்கு மறக்க மனசு வரவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் மறுநாள் அது போனது. போய் அந்தக் கதவைத் திறக்கவைத்து முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்தது. மணி அடித்தால் எடுக்காமல் இருக்க அதற்குத் தெரியாது, பாவம்.

கையில் செட்டில்மெண்ட் இருக்கிறது, பதினான்கு மாதத்துக்குள் இன்னொரு வேலை கிடைக்காமலா போய்விடும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அவருக்குத் தெரிந்த தொழில் பேசுவது. நேர்காணலோ எல்லா இடத்திலும் பகலில்தான் வைக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரவேற்பு, கூரியர் கம்பெனி, பாங்க் ஒன்றின் தொலைபேசிப் பிரிவு என்று ஆறு மாதத்தில் பதினொரு இடம் ஏறி இறங்கினார். "எங்க, கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்பார்கள். 'என் குரல் ஆறு மணிக்கு வந்துவிடும்' என்று எழுதிய சீட்டை நீட்டுவார். "ஆறு மணிக்கு நாங்க இருக்க மாட்டோமே சார்" என்று மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். பழைய கம்பெனிக்கே போய் எழுதிக் காட்டி முறையிட்டார். அங்கிருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரை நாலு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல இங்க யாரும் வேலை பாக்கலையே சார், சம்பளமும் போகலையே" என்றாள். அவள் தலைக்கு மேலே சுவரில் அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் படம் மாட்டியிருந்தது. ஏழாம் நம்பர் இருக்கையின் காலி நாற்காலி, அதற்குப் பின்னால் பூங்கொத்து. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் முகம் அந்தப் படச் சட்டத்துக்குள் போனதில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அதைவிடப் பெரிய கூத்து நடந்தது. அவர் மனைவி ஜன்னல் திரையும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினும் துணி துவைக்கிற மெஷினும் ஒரே கூடத்தில்தான் இருந்தன. ஒருநாள் பதினொரு மணிக்குத் துவைக்கிற மெஷின் கடகடவென்று ஆடியது. அவள் புகார்ப் பிரிவுக்கு போன் போட்டு ஏழாம் நம்பரை அழுத்தினாள். எடுத்தது புருஷன் குரல். "வணக்கம்மா, சொல்லுங்க." சொன்னாள். இருபது நிமிஷம் சொன்னாள். மெஷின் விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முழங்கால் வலியைச் சொன்னாள், திரைக்கடைக்காரன் அளவு மாற்றி மாற்றிச் சொல்லிக் கழுத்தறுப்பதைச் சொன்னாள், விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளும் பதினொரு மணிக்கு போன். அதற்கு மறுநாளும். மெஷின் கல்லு மாதிரி அசையாமல் நின்றது, புகார் மட்டும் நின்றபாடில்லை. எதிரே நாற்காலியில் வேலைவாய்ப்புப் பக்கத்தை விரித்துக்கொண்டு, வாயில் காற்றோடு, கட்டின புருஷன் உட்கார்ந்திருந்தார். அட, அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்! வேறொருத்தன் என்றால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம்.

ஆறு மணிக்குக் குரல் வந்ததும் அதை வைத்தே சண்டை போடுவார். "பகல் முழுக்க யார்கூட அப்படிப் பேச்சு?" என்பார். "உங்ககூடதான்" என்பாள். "நான் இங்கதானே உக்காந்திருந்தேன்?" என்பார். "நீங்க எங்க பேசினீங்க, அதுதான் பேசுச்சு" என்று ஊசியில் நூல் கோர்க்கப் போய்விடுவாள். ஒருநாள் காலை எட்டேகாலுக்கே மஃப்ளரைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். குரல் காது வழியாகப் போயிற்று. அன்று முழுக்க அவருக்கு வலது காது அடைத்திருந்தது.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி கேட்டால் சிரிப்பீர்கள். தினமும் பத்து அம்பத்தஞ்சுக்குத் தன் செல்போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, புகார்ப் பிரிவைக் கூப்பிட்டு ஏழாம் நம்பரை அழுத்திவிட்டு, பேசாமல் உட்கார்ந்துவிட்டார். "ஹலோ, சொல்லுங்க சார், நான் லைன்லயே இருக்கேன்" என்று குரல் காத்திருந்தது. முதலில் வைக்கக் கூடாதே! வெளியே மனைவிக்கு லைன் பிஸி, பிஸி, பிஸி. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தன் குரல் தன் காதில் ஹலோ ஹலோ என்று கெஞ்சுவதைக் கேட்க அவருக்கு அப்படியொரு சந்தோஷம். பொறாமைக்காரனுக்குக் கிடைக்கிற சந்தோஷம் அவ்வளவுதான், பாதி நேரம் கால் மரத்துப்போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் குளியலறைக் கதவை மனைவி தட்டினாள். "லைன் கிடைக்கல. உங்ககிட்டயே சொல்லிடறேன், கேளுங்க" என்று கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் திரைக்கடைக்காரனைத் திட்டினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "பத்தொன்பது வருஷம். ஊர்ல யார் யார் வீட்டுப் பொம்பளைக்கெல்லாமோ பொறுமையா பதில் சொன்னீங்க. வீட்டுக்கு வந்தா, தொண்டை வலிக்குது, அப்புறம் பேசலாம்னு சொல்லிடுவீங்க. மெஷின் ரிப்பேரான ஒவ்வொருத்தி மேலயும் எனக்குப் பத்திக்கிட்டு வரும் தெரியுமா? நானும் ஒருநாள் புகார் சொல்லிப் பாப்போம்னுதான் போன் போட்டேன்" என்றாள். அவருக்கு நடுவில் புகுந்து 'சரி விடு, பாத்துக்கலாம்' என்று சொல்லி முடித்துவிடத் தோன்றியது. சொல்லத்தான் குரல் இல்லை. அதனால் முழுக்கக் கேட்டார், கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக. காதோரம் போனில் குரல், "சார்... லைன்ல இருக்கீங்களா சார்?" என்றது. அதுவும் எல்லாவற்றையும் கேட்டிருந்தது. அவர் முதல் ஆளாகப் போனை வைத்தார். கதவைத் திறந்து வெளியே வந்து, ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். சத்தமே வராத அழுகை.

அதற்கப்புறம் பதினொரு மணிக்கு யாரும் புகார்ப் பிரிவைக் கூப்பிடவில்லை. மனைவி தைத்துக்கொண்டே பேசுவாள், அவர் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்பார். அவர் கேட்கிற விதத்தைப் பார்த்துத்தான் லிப்ட் மெக்கானிக்கான மச்சினனுக்குப் பொறி தட்டியது. "அத்தான், மெஷின் சத்தம் உங்களுக்குத் தெரியாததா? வாங்க எங்ககூட" என்று இழுத்துக்கொண்டு போனான். பெரிய கட்டடங்களில் ஆள் வருமுன், காலை ஆறிலிருந்து பத்துவரை, ஒவ்வொரு லிப்டாக ஏறி இறங்கிச் சத்தம் கேட்க வேண்டும், கோளாறைச் சீட்டில் எழுத வேண்டும். சம்பளம் பழையதில் முக்கால்வாசி. செட்டில்மெண்ட் தீர இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவரிடம் யாரும் பேசிக் காட்டச் சொல்லவில்லை. எட்டரைக்குக் குரல் கழன்று போகும்போது, லிப்டுக்குள் நின்றபடி கையசைத்து அனுப்பிவைப்பாராம்.

குரல்தான் மாறிவிட்டது. ஆறு மணிக்கு வரவேண்டியது ஐந்தரைக்கே வர ஆரம்பித்தது. புகார்ப் பிரிவில் அது எரிந்து விழுவதாகவும், இரண்டு பேரிடம் முதலில் போனை வைத்துவிட்டதாகவும் கேள்வி. சிறந்த ஊழியர் படத்தைக் கழற்றிவிட்டார்கள். ஒருநாள் ஐந்து மணிக்கே வந்துவிட்டது. மனைவி சமையலறையில் எதையோ நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் திரைத்துணியை மடித்துக்கொண்டிருந்தவரின் வாய் தானாகத் திறந்தது. அடிக்குரலில், அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, அவருடைய குரல் அவரையே கேட்டது: "பகல்ல அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் துணியை நாலாக மடித்து வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, சமையலறைக்குள் போனார்.