வெள்ளைக் கிண்ணத்தில் கண்ணாடிப் புழுக்கள்

குளத்தை மூடச் சொல்லி முகாய் கென்சோவிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெருச் சங்கத் தலைவர் அசானுமா ஒரு தர்பூசணியைக் கொடுத்துவிட்டு, "இந்த வயசுல குளத்தைப் பாத்துக்கிறது சிரமந்தான், இல்லையா?" என்று மட்டும் கேட்டுப் போனார். எதையும் சுற்றிவளைத்தே சொல்லும் கியோத்தோவிலேயே பிறந்து நரைத்த மனிதருக்கு அதன் பொருள் தெரியாதா? பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொசு கடித்துக் கால் வீங்கியிருந்தது. பழி குளத்தின் மேல் விழுந்திருந்தது.

அவர் வீட்டுத் தோட்டத்தில் அவருடைய தாத்தா வெட்டிய குளம். போன குளிர்காலத்தில் கொக்கு வந்து கெண்டைகளைத் தின்று தீர்த்தபின் தண்ணீர் வெறுமையாகக் கிடந்தது. புது மீன் வாங்க அவருக்கு மனமும் இல்லை, தெம்பும் இல்லை. ஆனாலும் முகாய் வீட்டுத் தண்ணீரால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் என்ற பேச்சை மிச்சம் வைத்துவிட்டுச் சாக அவர் தயாராக இல்லை.

காலையிலேயே அகப்பையால் குளத்து நீரை அள்ளி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார். முழங்கால் வலித்தது.

"மாமா, அது நீங்க சாப்பிடுற கிண்ணம்," என்றாள் மருமகள் சிஹாரு.

"கழுவித் தரேன்."

"நீங்க கழுவினதை நான் மறுபடி கழுவணும்."

அவர் கிண்ணத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். கொசுப்புழு என்றால் வால்குழாயை நீர்மட்டத்தில் நீட்டித் தலைகீழாகத் தொங்கும். நிழல் பட்டால் நெளிந்து அடிக்கு ஓடும். கிண்ணத்துப் புழுக்களோ கண்ணாடிச் சில்லுகளைப் போலப் படுக்கைவாட்டில் மிதந்தன. உடலுக்குள் முன்னும் பின்னும் கரும்புள்ளிகளாய்க் காற்றுப்பைகள். இது கடிக்காத பூச்சியின் புழு, கொசுப்புழுவையே தின்பது. குளத்தின் எந்த மூலையில் அள்ளினாலும் இதுதான் வந்தது.

அசானுமாவையும் குழந்தையின் தாய் ரியேவையும் வரவழைத்தார்.

"ஊசி மாதிரி இருக்கே," என்று அசானுமா குனிந்தார். "இது கொசு இல்லையா?"

"இல்லை. இது கடிக்காது."

"அப்போ கொசு எங்கேயிருந்து..." என்று தொடங்கியவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

மூவரின் கண்களும் தாழ்ந்த வேலிக்கு அப்பால் போயின. ரியேவின் தோட்டத்தில் குழந்தை விளையாடும் நீலப் பிளாஸ்டிக் தொட்டி; அதில் போன வாரத்து மழைநீர் பச்சை பூத்துக் கிடந்தது. ரியேவின் காதுகள் சிவந்தன. இடுப்பிலிருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். வசந்தத்தில்தான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவள்.

கென்சோ இதை யோசித்திருக்கவில்லை. தன் வீட்டுப் பழியைத் துடைத்தால் அது போய் ஒட்ட இன்னொரு வீடு வேண்டும். பெற்ற பிள்ளையின் கால் வீங்கத் தானே காரணம் என்ற பேர் மாலைக்குள் இவளுக்கு வந்துவிடும்.

கிண்ணத்தின் மேல் மறுபடி குனிந்து, வெகுநேரம் பார்ப்பதுபோல் இருந்தார்.

"என் கண்ணு ஏமாத்திடுச்சு. இது கொசுப்புழுவேதான். மன்னிக்கணும். நாளைக்கே மெதாகா மீன் வாங்கி விட்டுடறேன், தின்னு தீர்த்துடும்." இருவருக்கும் தலை தாழ்த்தினார்.

அசானுமாவின் தோள்கள் தளர்ந்தன. "வயசாச்சுன்னா கண்ணு அப்படித்தான், முகாய் சான்."

ரியே அவரைவிடத் தாழக் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று. "எங்க தோட்டத்தையும் இன்னிக்கே சுத்தம் பண்ணிடறேன்," என்றாள் மெல்ல.

அவர்கள் போனதும் சிஹாரு வந்து நின்றாள். "எறும்போட காலை எண்ணுற கண்ணு உங்களோடது, மாமா. நாளைக்குத் தெருவே நம்மளைப் பேசும்."

"நம்மளைத்தானே? பேசட்டும்."

கிண்ணத்தைக் குளத்தில் கவிழ்த்தார். கண்ணாடிப் புழுக்கள் ஒரு துடிப்பில் கலைந்து, மீண்டும் அசையாமல் மிதந்தன. மீன் வந்தால் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது. அவர் கரைக்கல்லில் கையூன்றி எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்படியே உட்கார்ந்து கிண்ணத்தைக் குளத்து நீரில் அலசினார்.