கருப்புக் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை

எழுபத்தைந்தாம் வருஷம் மாங்காய் இறங்குகிற நேரம். எங்கள் ஊர் முதலமடையில் பாதிப் பேருக்குக் கண்வலி. எழுந்தால் இமை ஒட்டிக்கொள்ளும், மண் விழுந்தது போல உறுத்தும், வெளிச்சம் பட்டால் தண்ணீர் கொட்டும். நோவுக் கண்ணைப் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று ஊரே தரையைப் பார்த்து நடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பக்கத்து ஊரான பெருமாட்டியைச் சேர்ந்த செங்கோட்டையன். மாங்காய் மண்டியில் லாரிமேல் நின்று கூடை இறக்கியபோதே அவரைப் பார்த்துவிட்டேன், பிடித்தும்போயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் தாய்மாமன் குப்பண்ணன் வைத்ததுதான் சட்டம்.

வந்தவர் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மாமா கை கழுவத் தண்ணீர் ஊற்றி, வழக்கப்படி தன் தோள் துண்டை நீட்டினார். மாப்பிள்ளை கையைத் துடைத்து, கண்ணாடிக்கு அடியிலும் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். மாமா அதே துண்டால் முகத்து வேர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஒரு கண்ணுல பார்வை இல்லையாட்ட இருக்குது. இல்லீன்னா ஊட்டுக்குள்ள எதுக்குக் கண்ணாடி? இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

நான் கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் தண்ணீர் வழிந்தது. வாசல் வெளிச்சம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அட, ஊருக்கெல்லாம் இருக்கிற கண்வலிதான்! பெண் பார்க்கும் நாளைத் தள்ளிப்போட்டால் வேறு யாராவது முந்திவிடுவார்கள் என்று மறைத்ததாகப் பிறகு சொன்னார்.

கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கும்படி மாமாவிடம் சொன்னேன். மாமா கேட்டதும் அவரும் கழற்றினார். உடனே மாமா உத்தரத்தைப் பார்த்தார், அப்பா மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தார், அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பார்க்காமலே வேண்டாம் என்பார்களாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே போய் நின்றேன்.

இமை வீங்கி, ஓரத்தில் பீளை கட்டி, கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. இரண்டு கருவிழியும் ஒன்றாக நகர்ந்து என் முகத்தில் வந்து நின்றன. சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்குதுங்க மாமா. எனக்குச் சம்மதமுங்க."

நாளைக்கே உனக்கும் வரும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் குறையில்லை என்றானதும் மாமாவும் சரி என்றுவிட்டார்.

நிச்சயத்தன்று நான் கண்வலி எதுவும் வராமல் கண்ணுக்கு மை தீட்டி நின்றேன். மாப்பிள்ளைக்கும் கண் தெளிந்திருந்தது. அந்தக் கண்ணை ஒருதரம்கூடப் பார்க்காத மாமாதான், அதே துண்டால் தன் சிவந்த கண்ணில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டை மாற்றினார்.