நம்ம வீட்டுப் பிள்ளை

இதய ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களின் மார்பிலிருந்து குழாய் வழியாக வடியும் ரத்தம் சேரும் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள் ஆயம்மா. முன்பெல்லாம் அவற்றை இரண்டு கையாலும் தூக்க வேண்டும். மார்பை மூடித் தைப்பதற்கு முன், ரத்தம் கசியாமலிருக்க உள்ளே ஒரு மருந்தை ஊற்றிச் சற்று நேரம் விடுகிற வழக்கம் வந்தபின், பாட்டிலின் அடிப்பக்கம் நனைவதோடு சரி. அந்தத் தைரியத்தில்தான் இதய நோயாளியான தம்பியைக் கெஞ்சிக் கூத்தாடி ஆபரேஷனுக்கு அழைத்து வந்திருந்தாள். பெயிண்டர் அவன். எந்த மாடியிலும் கயிற்றில் தொங்குவான், ரத்தத்தைக் கண்டால் மட்டும் கால் நடுங்கிவிடும். ரத்தம் அதிகம் போகாது, நான் பொறுப்பு என்று அவன் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள்.

காலையில் முதல் ஆபரேஷன் அவனுக்குத்தான். ஸ்ட்ரெச்சரில்கூடப் படுத்துவிட்டான். அப்போது தியேட்டர் பெரிய சிஸ்டர் வந்து ஆயம்மாவின் தோளில் கை போட்டாள். இருவரும் ஒரு டீயைப் பாதி பாதியாகக் குடித்துப் பழகியவர்கள். ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் முதலில் போக வேண்டுமாம்.

"உன் தம்பி நம்ம வீட்டுப் பிள்ளை. கொஞ்சம் பின்னால போனா என்ன?"

"அந்த மருந்து இருக்குல்ல சிஸ்டர்?"

"அவனுக்கு எடுத்து வைக்காம யாருக்கு வைக்கப் போறேன்?"

நம்ம வீட்டுப் பிள்ளை என்ற சொல் ஆயம்மாவுக்கு அப்படி இனித்தது. வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள். தம்பியைத் தானே வார்டுக்குத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனாள்.

மாலையில் பெரியவரும் தம்பியும் தீவிர சிகிச்சை அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். தம்பியின் பாட்டிலில் ரத்தம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. ஆயம்மா சிஸ்டரைத் தேடி ஓடினாள்.

சிஸ்டர் கையுறையைக் கழற்றியபடியே சொன்னாள். "பெரியவருக்கு ஒரு பாதுகாப்புக்கு இன்னொரு தடவை ஊத்தச் சொன்னாங்க. அதோட தீர்ந்துபோச்சு. அவங்ககிட்ட இல்லேன்னு சொல்ல முடியுமா? நீ நம்ம ஆளு, புரிஞ்சுக்குவ."

பாவி, முதலிலேயே சொல்லியிருந்தால் ஆபரேஷனை இன்னொரு நாள் வைத்துக்கொண்டிருக்கலாமே. கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

திரும்பி வந்தபோது தம்பியை மறுபடி தியேட்டருக்குத் தள்ளத் தயாராக்கிக்கொண்டிருந்தார்கள். மார்பைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டுமாம். ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். பாட்டிலையும் மாற்றினார்கள். வாயில் குழாயோடு கிடந்த தம்பி கண் திறந்தான். கழற்றி வைத்த பாட்டிலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். கட்டில் கதவைத் தாண்டும்வரை அந்தப் பார்வை அவளை விட்டு நகரவில்லை.

பெரியவரின் பாட்டிலையும் கழுவ எடுக்கச் சொன்னார்கள். இரண்டையும் கைக்கொன்றாகத் தூக்கினாள். ஒன்றில் எடையே இல்லை. மற்றொன்று தோளை இழுத்தது, இன்னும் சூடு ஆறவில்லை. பெரியவரின் மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அதைக் கொஞ்சம் மறைச்சு எடுத்துட்டுப் போங்கம்மா. அப்பா பார்த்தா பயந்துடுவாரு."

ஆயம்மா முந்தானையை இழுத்துத் தம்பியின் பாட்டிலை மூடிக்கொண்டாள்.