முந்திக்கொண்ட ஐயோ

கிளினிக் டாக்டர்களுக்கு முட்டிவலி பார்க்கச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் நோயாளியாக நடிக்க என் வீட்டுக்காரர்தான் வருவார். என் கை அவர் முட்டியில் படுவதற்குள்ளேயே "ஐயோ!" என்று ஊரைக் கூட்டிவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள்.

"உங்களுக்கெல்லாம் நடிப்பு ஒரு கேடா?" என்று எரிந்து விழுவேன்.

எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு கத்துகிற மனுஷன், போன மாதம் சத்தமே இல்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இன்று வகுப்பில் அவர் வழக்கமாகப் படுக்கும் கட்டிலில் ஒரு நர்ஸ் படுத்தாள். நான் அழுத்தியதும் சரியாகக் கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தப்பு! நான் தொடுறதுக்கு முன்னாடியே கத்தணும்."

அவள் திருதிருவென்று விழித்தாள். "தொடாமலே எப்படி மேடம் வலிக்கும்?"